நொதி தன்னோடு எடுத்துச் செல்லும் நீர்

அண்டார்க்டிகாவின் உலர் பள்ளத்தாக்குகளில் வாண்டா என்றொரு ஏரி இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பனிக்கட்டி மூடிய அந்த ஏரியின் அடிவண்டலிலிருந்து 1960களில் ஓர் ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார்கள். வகைப்பாட்டியலில் அதன் பெயர் பலமுறை மாறிவிட்டது. ஆனால் நொதி வேலையில் இருப்பவர்கள் இன்றும் கேண்டிடா அண்டார்க்டிகா என்றுதான் சொல்கிறார்கள். கொழுப்பை உடைக்கும் லைபேஸ் நொதிகளில் இரண்டு வகைகளை அது உண்டாக்குகிறது. அவற்றில் 'பி' என்று குறிக்கப்படுவது 317 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். இப்போது யாரும் அதற்காக ஏரிக்குப் போவதில்லை. அதன் மரபணுவை ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையில் ஏற்றி, பெரிய தொட்டிகளில் வளர்த்து, கிடைக்கும் நொதியை அக்ரிலிக் பிசின் உருண்டைகளில் ஏற்றி விற்கிறார்கள். நோவோசைம் 435 என்பது அதன் வணிகப் பெயர். கரிம வேதியியலும் உயிர்வேதியியலும் சந்திக்கும் ஆய்வகங்களில் இந்தக் குப்பியைப் பார்க்காமல் இருப்பது அரிது.

குப்பியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால், ரவையைவிடச் சற்றுப் பருத்த, வெள்ளையில் மங்கிய மஞ்சள் ஏறிய உருண்டைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். உள்ளே முழுக்கத் துளைகள். நொதி மூலக்கூறுகள் அந்தத் துளைச் சுவர்களில் ஒட்டியிருக்கின்றன. இந்த உருண்டைகளை டொலுயீனிலோ ஹெக்சேனிலோ போட்டு, கொழுப்பு அமிலத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்து, 50, 60 டிகிரியில் குலுக்கினால் எஸ்டர் உருவாகிறது. வேலை முடிந்ததும் வடிகட்டி, கழுவி, அடுத்த முறைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

செல்லுக்குள் நீரில் பிறந்து, நீரில் மடிந்து, நீரில் வேலை செய்யும் புரதத்தை ஏன் டொலுயீனில் போட வேண்டும்? அதைப் போட்ட பிறகும் அது ஏன் சாகாமல் இருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை நீரைப் பற்றியதுதான்.

முதல் கேள்வி எளிது. நொதி எந்த வினையின் முடிவையும் மாற்றுவதில்லை. சமநிலையை விரைவாக அடைய வைக்கிறது, அவ்வளவுதான். லைபேஸ் எஸ்டரை நீரால் உடைத்து அமிலமும் ஆல்கஹாலும் தருகிறது என்றால், அதே பாதையில் அமிலத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்து எஸ்டரும் நீரும் தரவும் அதனால் முடியும். எந்தப் பக்கம் போகும் என்பதைச் சுற்றியிருக்கும் பொருள்களின் அளவுதான் தீர்மானிக்கிறது. ஒரு லிட்டர் நீரில் 55 மோல் நீர் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் எஸ்டர் உருவாவதும் நிலைப்பதும் கடினம். நீரை எடுத்துவிட்டால் அதே நொதி எதிர்ப்பக்கம் ஓடுகிறது. தவிர, வேதித் தொழிலில் வரும் பொருள்களில் பெரும்பாலானவை எண்ணெய்த் தன்மை கொண்டவை; நீரில் கரையாது. வினை முடிந்தபின் நீரைக் கொதிக்கவைத்து நீக்குவதற்கு ஆகும் எரிபொருளும் கொஞ்சமல்ல.

இரண்டாவது கேள்விக்கு விடை தேட நீண்ட காலமாயிற்று. கரிமக் கரைப்பான் பட்டால் புரதம் விரிந்து கெட்டுப்போகும் என்பது பாடநூல் வாக்கியம். நீரில் கொஞ்சம் ஆல்கஹால் அல்லது அசிட்டோன் கலந்து பார்த்தவர்களின் அனுபவமும் அதையே சொன்னது. இந்த நம்பிக்கையை அசைத்த கட்டுரை 1984இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்ஸ் சாக்ஸும் அலெக்சாண்டர் கிளிபானோவும் பன்றிக் கணைய லைபேஸை எடுத்து, கொழுப்பும் ஆல்கஹாலும் மட்டுமே கலந்த, 99% கரிமமான ஊடகத்தில் போட்டார்கள். வேலை செய்தது. மேலும் உலர்த்தினார்கள். 100 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். நீரில் அந்தச் சூட்டில் உடனே கெட்டுப்போகும் நொதி, இங்கே பல மணி நேரம் தாங்கியதோடு சுறுசுறுப்பாக வேலையும் செய்தது. ஈரம் இருக்கும்போது ஏற்றுக்கொண்ட பருமனான மூவிணைய ஆல்கஹால்களை உலர்ந்த நொதி தொடவே இல்லை. அதன் வடிவம் இறுகிவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

சூட்டை அது தாங்கியதில் மர்மம் எதுவும் இல்லை. புரதம் சூட்டில் கெடுவதற்கு இரண்டு வழிகள். ஒன்று, மடிப்பு அவிழ்வது. அதற்கு அணுக்கள் அசைய இடம் வேண்டும், அந்த அசைவை உயவு போல எளிதாக்குவது நீர். இன்னொன்று, அஸ்பராஜினின் அமைடு உடைவது, பெப்டைடுப் பிணைப்பு அறுவது போன்ற வேதிச் சிதைவுகள். அவற்றில் நீரே வினைபடு பொருள். நீரை எடுத்தால் இரண்டு வழிகளும் அடைபடுகின்றன. நொதியை வாழவைக்கும் நீர்தான் சூட்டில் அதைக் கொல்லவும் செய்கிறது.

அப்படியென்றால் முழுவதுமாக உலர்த்திவிடலாமா? முடியாது. இங்கேதான் விஷயம் நுட்பமாகிறது. 1993இல் கிளிபானோவும் டாக்மர் ரிங்கேயும் சக ஆய்வாளர்களும் சப்டிலிசின் என்ற நொதியின் படிகங்களைக் குறுக்குப் பிணைப்பால் கட்டி, நீரற்ற அசிட்டோநைட்ரைலில் ஊறவைத்து, எக்ஸ் கதிரால் அமைப்பைப் பார்த்தார்கள். நீரில் இருக்கும் வடிவத்துக்கும் இதற்கும் வேறுபாடு ஏறத்தாழ இல்லை. அதைவிட முக்கியமானது, நொதியோடு கட்டுண்டிருந்த 119 நீர்மூலக்கூறுகளில் 99 அந்த நீரற்ற கரைப்பானிலும் இடம்விட்டு அசையவில்லை. நாம் கரைப்பானை மாற்றிவிட்டோம் என்று நினைக்கிறோம். நொதியின் கணக்கில் அது இன்னும் தன் நீரில்தான் இருக்கிறது. புரதத்தின் இடுக்குகளில் பதிந்த இந்தச் சில மூலக்கூறுகளும், அவற்றின் மேல் படியும் மெல்லிய நீர்ப் படலமும் இருக்கும்வரை வெளியே ஹெக்சேன் இருந்தாலும் அதற்குப் பெரிய கவலை இல்லை.

ஆகவே, ஒரு கரைப்பான் நொதிக்கு நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அந்தப் படலத்தை அது விட்டுவைக்குமா என்று கேட்பது பயன் தரும். ஹெக்சேனுக்கு நீரோடு உறவே கிடையாது. நொதியிடம் இருப்பதை அது கேட்பதில்லை. எத்தனாலும் டைமெத்தில் ஃபார்மமைடும் நீரை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்கும், நொதியிடமிருந்தும் உறிஞ்சிக்கொள்ளும். 1987இல் நெதர்லாந்தின் கொலின் லானேயும் சகாக்களும் இதை ஒரு விதியாக்கினார்கள். ஒரு கரைப்பான் ஆக்டனாலுக்கும் நீருக்கும் இடையே எந்த விகிதத்தில் பிரிந்து கரைகிறது என்பதன் மடக்கை மதிப்பு 2க்குக் கீழே இருந்தால் அந்தக் கரைப்பான் பொதுவாக ஆகாது, 4க்கு மேலே இருந்தால் நல்லது என்பது அந்த விதி. தொடக்கத்தில் கரைப்பானைத் தேர்ந்தெடுக்க இது கைகொடுக்கும். ஆனால் விதிவிலக்குகள் ஏராளம். நோவோசைம் 435 கூட அசிட்டோநைட்ரைலிலும் மூவிணைய பியூட்டனாலிலும் வேலை செய்யக்கூடியது.

நீரை அளப்பதில் புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கார்ல் ஃபிஷர் கருவியில் அளந்து '0.05% நீர்' என்று எழுதி வைப்பார்கள். அந்த எண் நொதிக்கு எதையும் சொல்வதில்லை. டொலுயீனில் 0.05% என்றால் அது ஏறத்தாழ நீரால் நிறைவுற்றுவிட்டது. இதற்கு மேல் ஒரு துளி விட்டாலும் தனியே பிரிந்து நிற்கும், நொதி நனைந்து போகும். அசிட்டோனில் அதே 0.05% வறட்சி; அந்த நீர் கரைப்பானோடு ஒன்றிப் போய் நொதிக்குக் கிடைக்காது. கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஹாலிங் விடாமல் வலியுறுத்தியது இதைத்தான்: மொத்த நீரை அளக்காதீர்கள், நீர்ச் செயல்திறனை அளங்கள். சுத்தமான நீருக்கு அது 1. முழு வறட்சிக்கு 0. இடையில் எந்த ஊடகமாக இருந்தாலும், நீர் எவ்வளவு தூரம் வெளியேறத் துடிக்கிறது என்பதைக் காட்டும் அளவு.

இதை நிலைப்படுத்தும் முறை மிக எளியது. மூடியிட்ட கண்ணாடி ஜாடியின் அடியில் நிறைவுற்ற உப்புக் கரைசல். மேலே ஒரு திறந்த குப்பியில் நொதி உருண்டைகள், இன்னொன்றில் கரைப்பான். ஓரிரு நாள் விட்டுவைத்தால் காற்றின் ஈரம் வழியாக எல்லாமே ஒரே அளவுக்கு வந்துவிடும். 25 டிகிரியில் லித்தியம் குளோரைடு வைத்தால் 0.11, மெக்னீசியம் குளோரைடு வைத்தால் 0.33, சமையல் உப்பு வைத்தால் 0.75. இப்படிச் சமன் செய்த பிறகு ரைசோமுகார் மீஹை பூஞ்சையின் லைபேஸை வெவ்வேறு கரைப்பான்களில் சோதித்தபோது, கரைப்பான் எதுவானாலும் வேகத்தின் உச்சம் ஏறத்தாழ ஒரே நீர்ச் செயல்திறனில் வந்தது. கரைப்பானின் பாதிப்பு என்று அதுவரை சொல்லப்பட்டதில் பெரும்பகுதி, நொதியின் ஈரம் மாறியதன் பாதிப்பு. இவ்வளவு மலிவான, தெளிவான சோதனையைச் செய்யாமலே கரைப்பான்களை ஒப்பிடும் கட்டுரைகள் இன்றும் வருவது எனக்கு வருத்தம் தருகிறது.

இப்போது உருண்டைக்கு வருவோம். நொதியைத் திடப்பொருளில் நிலைநிறுத்துவது புதிதல்ல. 1916இல் நெல்சனும் கிரிஃபினும் இன்வர்டேஸைக் கரித்தூளில் ஏற்றி, அது சர்க்கரையை உடைக்கும் திறனை இழக்கவில்லை என்று காட்டினார்கள். 1969இல் ஜப்பானின் தனாபே செய்யாகு நிறுவனத்தில் இச்சிரோ சிபாட்டா குழு அமினோஅசைலேஸை ஏற்றிய கலனில் அமினோ அமிலங்களைத் தொடர்ச்சியாகப் பிரித்தது. தொழிலில் வந்த முதல் நிலைநிறுத்திய நொதி அதுவே. இவை இரண்டும் நீரில் நடந்தவை. நீரில் நொதி கரையும், ஆகவே அதைப் பிடித்துவைக்கக் கட்டு தேவை. தனாபேயில் அது மின்னூட்ட ஈர்ப்பு.

கரிமக் கரைப்பானில் நிலைமை தலைகீழ். நொதி அங்கே கரையவே கரையாது. எதுவும் கட்டாவிட்டாலும் ஓடிப்போகாது. பிறகு எதற்கு உருண்டை? உலர்த்திய நொதித் தூளைக் கரைப்பானில் போட்டால் அது கட்டியாகிப் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கட்டியின் உள்ளே இருக்கும் மூலக்கூறுகளுக்கு வினைபடு பொருள் போய்ச் சேராது. பெரும்பாலான நொதி சும்மா கிடக்கும். துளையுள்ள உருண்டையின் உட்சுவரில் மெல்லியதாகப் பரப்பினால் ஒவ்வொரு மூலக்கூறும் வெளியுலகைப் பார்க்கிறது. லைபேஸைப் பொறுத்தவரை இன்னொரு நன்மையும் உண்டு. அது இயற்கையில் எண்ணெய்த் துளியின் மேற்பரப்பில் வேலை செய்யும் நொதி. நீரை விரும்பாத அக்ரிலிக் பரப்பில் இயல்பாகவே நன்றாக ஒட்டும்.

அந்த ஒட்டுதல் வெறும் பரப்புக் கவர்ச்சி. வேதிப் பிணைப்பு எதுவும் இல்லை. ஹெக்சேனில், உருகிய கொழுப்பில் அது போதும், தாராளமாகப் போதும். அதே உருண்டையை நீர் நிறைந்த கலவையிலோ சோப்புத் தன்மை கொண்ட பொருளோடோ போட்டால் நொதி கழன்று வந்துவிடும். வலிமையான முனைவுக் கரைப்பான்களில் அக்ரிலிக் உருண்டையே ஊறிக் கரையத் தொடங்கும். வடிகட்டிய பொருளில் பிசின் துணுக்குகள் கலந்திருப்பதைப் பலர் மெதுவாகத்தான் கண்டுகொள்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நொதியை வேதிப் பிணைப்பால் கட்ட வேண்டும். அல்லது 2000இல் டெல்ஃப்டில் ரோஜர் ஷெல்டன் குழு காட்டியதுபோல், தாங்கி எதுவும் இல்லாமல் நொதியைத் திரளவைத்து, குளூட்டரால்டிஹைடால் ஒன்றோடொன்று பிணைத்துத் திடமாக்கலாம். நொதி, தாங்கி, கரைப்பான் என்று மூன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் பிறகு சேர்க்க முடியாது. கரைப்பானை மாற்றினால் கட்டும் மாற வேண்டும்.

டொலுயீனும் ஹெக்சேனும் எரியும், ஆவியாகும், நச்சு. அவற்றுக்கு மாற்றாக வந்தவற்றைத்தான் வழக்கத்துக்கு மாறான கரைப்பான்கள் என்கிறார்கள். முதலில் அயனித் திரவங்கள். பால் வால்டன் 1914லேயே 12 டிகிரியில் உருகும் ஓர் உப்பைப் பதிவுசெய்திருந்தார். நொதி வேலைக்கு அவை வந்தது 2000இல். அலன் ரசலின் குழு தெர்மோலைசினையும், ஷெல்டனின் குழு நாம் பார்த்த அதே அண்டார்க்டிகா லைபேஸையும் இமிடசோலியம் உப்புகளில் இயக்கிக் காட்டின. முழுக்க அயனிகளால் ஆன திரவம் புரதத்தைச் சிதைக்காமல் இருந்தது வியப்பு. எந்த எதிரயனி என்பதைப் பொறுத்தே எல்லாம். ஹெக்சாஃபுளூரோபாஸ்பேட் நொதியை விட்டுவைக்கிறது, ஹைட்ரஜன் பிணைப்பில் வலுவான குளோரைடு போன்றவை புரதத்தின் உள்பிணைப்புகளையே பிடுங்குகின்றன. ஆவியாகாது என்பதால் உடனே 'பசுமை' என்று முத்திரை குத்தினார்கள். 2003இல் ராபின் ராஜர்ஸ் குழு அந்த ஹெக்சாஃபுளூரோபாஸ்பேட் உப்பு நீரால் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடு தரக்கூடும் என்று காட்டியது. நொதிக்கு நல்லது என்பதும் மனிதருக்கு நல்லது என்பதும் வேறு வேறு.

அதே 2003இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் ஆண்ட்ரூ அபாட் வேறொரு கலவையை முன்வைத்தார். கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு ஒரு பங்கு, வயலுக்கு இடும் யூரியா இரண்டு பங்கு. முதலாவது 302 டிகிரியிலும் இரண்டாவது 133 டிகிரியிலும் உருகுபவை. இரண்டையும் கலந்து மெல்லச் சூடாக்கினால் 12 டிகிரியிலேயே உருகும் தெளிந்த திரவம் கிடைக்கிறது. யூடெக்டிக் கரைப்பான்கள் என்ற பெரிய குடும்பத்துக்கு இதுவே தொடக்கம். விலை மலிவு, மட்கக்கூடியது, செய்வதற்கு ஒரு பாத்திரம் போதும். 2008இல் மினசோட்டாவில் ரோமாஸ் கஸ்லாஸ்கஸ் குழு இதில் லைபேஸைப் போட்டுப் பார்த்தது. உயிர்வேதியியல் படித்த எவரும் தயங்கியிருப்பார்கள். நீரில் 8 மோலார் யூரியா என்பது புரதத்தை அவிழ்க்கவே பயன்படுத்தும் மருந்து. இங்கே அதைவிடச் செறிவான யூரியா. நொதி கெடவில்லை. யூரியா முழுவதும் குளோரைடோடும் கோலினோடும் ஹைட்ரஜன் பிணைப்பில் கட்டுண்டு கிடப்பதால் புரதத்துக்குள் புக அதற்கு ஓய்வில்லை என்பது ஏற்கப்பட்ட விளக்கம்.

இதன் குறை பிசுபிசுப்பு. அறை வெப்பத்தில் நீரைவிடப் பல நூறு மடங்கு. உருண்டையின் துளைகளுக்குள் வினைபடு பொருள் ஊர்ந்து போய்ச் சேர வேண்டும். நொதி சுறுசுறுப்பாக இருந்தாலும் பொருள் வராமல் காத்திருக்கும். வேலை முடிந்து வடிகட்டும்போதும் இதே தொல்லை. கொஞ்சம் நீர் சேர்த்தால் இளகும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நீரைத் தவிர்க்க எடுத்த கரைப்பானில் நீரையே அளந்து ஊற்றுவது முரணாகத் தோன்றலாம். கோலின் குளோரைடு நீரை இறுகப் பற்றிக்கொள்வதால் செயல்திறன் அளவில் அது பெரும்பாலும் குறைவாகவே நிற்கிறது, ஆகவே கணக்கு சரியாகவே வருகிறது.

நேர் எதிரான இயல்பு கொண்டது சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடு. 31 டிகிரிக்கு மேல், வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 73 மடங்கு அழுத்தத்துக்கு மேல் வைத்தால் அது வாயுவுமல்ல, திரவமுமல்ல. திரவம் போல் கரைக்கிறது, வாயு போல் துளைகளுக்குள் பாய்கிறது. காபிக்கொட்டையிலிருந்து கஃபீனை எடுக்க இதையே பயன்படுத்துகிறார்கள். 1985இலேயே நொதிகளை இதில் சோதித்துவிட்டார்கள். அழுத்தத்தைத் தளர்த்தினால் கரைப்பான் பறந்துபோய்ப் பொருள் மட்டும் மிஞ்சும். ஆனால் நொதியின் ஈரப் படலத்தில் அது கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. லைசின் பக்கக்கிளைகளோடு சேர்ந்து கார்பமேட் ஆகிறது. இரண்டும் நொதியைத் தொல்லைப்படுத்தும்.

ஆவியாகாத அயனித் திரவத்தையும் பறந்துபோகும் கார்பன் டை ஆக்சைடையும் ஒன்றாக இணைத்ததுதான் இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த வேலை. ஜோன் பிரென்னக்கேயும் சகாக்களும் 1999இல் 'நேச்சர்' இதழில் காட்டியது: கார்பன் டை ஆக்சைடு அயனித் திரவத்தில் நன்றாகக் கரையும், அயனித் திரவம் அதில் துளியும் கரையாது. 2002இல் ஸ்பெயினின் முர்சியாவில் பெத்ரோ லோசானோவும், ஜெர்மனியின் மூல்ஹைமில் மான்ஃபிரெட் ரீட்ஸும் தனித்தனியாக இதைப் பயன்படுத்தினார்கள். அண்டார்க்டிகா லைபேஸை அயனித் திரவத்தில் வைத்து, கார்பன் டை ஆக்சைடைத் தொடர்ந்து ஓட்டினார்கள். அது வினைபடு பொருளை உள்ளே கொண்டுவந்தது, விளைபொருளை வெளியே எடுத்துச் சென்றது. நொதி இருந்த இடத்திலேயே இருந்தது. இங்கே உருண்டை தேவைப்படவில்லை. அயனித் திரவமே கரைப்பானாகவும் இருந்தது, நொதியைக் கட்டிவைக்கும் தாங்கியாகவும் இருந்தது.

ஆனால் ஆலைகளில் இன்று அதிகம் ஓடுவது இவை எதுவும் இல்லை. அங்கே பெரும்பாலும் கரைப்பானே கிடையாது. வினைபடு பொருளே ஊடகம். முகப்பூச்சு க்ரீம்களில் சேர்க்கும் மிரிஸ்டில் மிரிஸ்டேட் என்ற மெழுகைப் பாருங்கள். மிரிஸ்டிக் அமிலம் 54 டிகிரியில் உருகும், மிரிஸ்டில் ஆல்கஹால் 40க்கும் கீழே. 60 டிகிரியில் இரண்டும் உருகி ஒன்றாகக் கலக்கின்றன. நொதி உருண்டைகள் நிரப்பிய கலன் வழியாக அந்த உருகலைச் சுற்றவிட்டு, உருவாகும் நீரை வெற்றிடத்தால் இழுத்துவிடுகிறார்கள். பழைய முறையில் 180 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் வரும் நிறத்தையும் வாடையையும் பிறகு வெளுத்து நீக்க வேண்டும். யூனிலீவர் 1970களில் பாமாயிலின் ஒரு பகுதியையும் ஸ்டியரிக் அமிலத்தையும் கொண்டு கோகோ வெண்ணெய்க்கு இணையான கொழுப்பைச் செய்யக் காப்புரிமை கோரியதும் இதே தர்க்கத்தில்தான். அங்கே நீர் கொஞ்சமும் இல்லாவிட்டால் வினை நகராது, கூடிவிட்டால் கொழுப்பு உடைந்து டைகிளிசரைடு சேர்ந்து சாக்லேட் இறுகாது.

கரைப்பான் இல்லாத இடத்தில் வினைபடு பொருளே எதிரியாகவும் வரும். தாவர எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்து பயோடீசல் செய்யும்போது, மெத்தனால் எண்ணெயில் முழுதாகக் கரையாமல் துளிகளாக நின்று உருண்டைகளைத் தொட்டு நொதியைக் கெடுக்கிறது. 1999இல் ஒசாகாவில் யூஜி ஷிமாடாவின் குழு மெத்தனாலை ஒரேயடியாக ஊற்றாமல் மூன்று பங்காகப் பிரித்து ஊற்றியது. ஒரே தொகுதி உருண்டைகள் 50 சுற்றுகளுக்குப் பிறகும் 95 சதவீதத்துக்கு மேல் மாற்றம் தந்தன. துணைப்பொருளான கிளிசரால் வேறு ஒரு தொல்லை. அது துளைகளில் படிந்து, நீரை உறிஞ்சிக்கொண்டு, வழியை அடைக்கும். மூவிணைய பியூட்டனாலை ஊடகமாகச் சேர்த்தால் மெத்தனாலும் கிளிசராலும் இரண்டுமே கரைகின்றன.

மருந்துத் தொழிலில் இந்தக் கதை இன்னொரு திருப்பம் எடுத்தது. நீரிழிவு மருந்தான சிட்டாகிளிப்டினுக்காக மெர்க், கோடெக்ஸிஸ் நிறுவனத்தார் ஒரு டிரான்ஸ்அமினேஸ் நொதியைப் பரிணாம முறையில் மாற்றியமைத்து, பாதிக்குப் பாதி டைமெத்தில் சல்ஃபாக்சைடு கலந்த நீரில் இயக்கி 2010இல் வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் மெர்க்கின் மேத்யூ ட்ரப்போவும் சகாக்களும் அதே நொதியைப் பிசின் உருண்டைகளில் ஏற்றி ஐசோபுரொப்பைல் அசிட்டேட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நீர்க் கலவையில் நொதிப் புரதம் நுரைத்துப் பால்மமாகி விளைபொருளைப் பிரிப்பதை இழுத்தடித்தது. கரிமக் கரைப்பானில் வடிகட்டினாலே போதும். ஆனால் வறண்ட ஐசோபுரொப்பைல் அசிட்டேட்டில் இந்த நொதி வேலை செய்யாது. அண்டார்க்டிகா லைபேஸைப் போல் இது சொற்ப நீரில் பிழைப்பதல்ல. ஆகவே கரைப்பானைக் கலனுக்குள் விடுமுன் அளவாக நீர் கலந்து ஈரமாக்கிக்கொள்கிறார்கள்.